மலையில் தெரியும் புகை

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாகக் கிழக்கு நோக்கி ஏறும் பாதை, றிவஸ்டன் முகட்டில் மேகத்தைத் தொட்டுவிட்டு, பிட்டவல பத்தனையின் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் கடந்து லக்கல-பல்லேகமப் பக்கமாக இறங்கத் தொடங்கும்போது, வறண்ட காலத்துப் பிரயாணியின் பார்வையில் அடிக்கடி படுவது, எதிர்ச்சரிவொன்றிலிருந்து மெல்ல எழுந்து, காற்றில்லாத காலை வேளையில் நூல்போல் நிமிர்ந்து நின்று, பின்னர் பள்ளத்தாக்கெங்கும் நீலமாய்ப் பரவிவிடும் புகையாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடுகள் பாதுகாப்புச் சட்டங்களின் கீழ் வந்த பிறகு சேனைப் பயிர்ச்செய்கை பெரிதும் சுருங்கிவிட்டதெனினும், மாரி மழைக்கு முன்னர் புதரை வெட்டி எரிக்கும் பழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை.

நமது தருக்க சாஸ்திரிகள் அனுமானப் பிரமாணத்தை விளக்குவதற்குத் தொன்றுதொட்டு எடுத்தாளும் உதாரணமும் இக்காட்சியேயாகும். மலையிலே புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ உண்டு, எங்கெங்கே புகையோ அங்கங்கே தீ, அடுக்களையிற் கண்டதுபோல, என்பது அந்த நியாயம். கண்ணாற் காணாத தீயை நிச்சயிக்க நாம் துணிவது, அடுக்களையில் புகையையும் தீயையும் பலகால் ஒருங்கே கண்டிருக்கிறோம் என்ற அனுபவத்தின் பலத்தினாலேயாம். ஓர் இரசாயனப் பொருள் புற்றுநோயை உண்டாக்குமா, உண்டாக்குமாயின் எவ்வளவில், யாருக்கு, என்னும் விசாரணையும் இவ்வகை அனுமானமே. ஆயின் இதிலே ஒரு பெருஞ் சங்கடம் இருக்கிறது: இன்று மூட்டிய தீயின் புகை இருபது முப்பது வருஷங்களுக்குப் பின்னரே எழுகிறது, அதற்குள் தீ மூட்டிய இடத்தின் சாம்பலும் ஆறிப்போகிறது, வேறு பத்துத் தீக்களும் அதே நிறத்துப் புகையைத்தான் தருகின்றன. புகையையும் தீயையும் ஒருங்கே காட்டும் அடுக்களை இந்த விஷயத்தில் நமக்கு எளிதிற் கிடைப்பதில்லை.

சில காலத்துக்கு முன், லக்கலையிலே களு கங்கைப் பக்கத்து வயல் வரம்பொன்றில், மருந்து அடிக்கும் கருவியை முதுகிற் சுமந்தபடி, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெறுங்காலுடன் நின்ற விவசாயி ஒருவர், நான் இத்தகைய விஷயங்களை வாசிப்பவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, "மாத்தயா, இதை அடித்தால் புற்றுநோய் வருமா, வராதா? ஒரே சொல்லிலே சொல்லுங்கள்" என்றார். வரும் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. வராது என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. அவருக்கு அன்று சொல்ல முடியாமற்போனதை இங்கே சற்று விரித்து எழுத முற்படுகிறேன்.

இந்த விசாரணையின் சரித்திரம் ஒரு புகைப்போக்கியில் ஆரம்பமாகிறது. இலண்டன் நகரத்து வைத்தியரான பெர்சிவல் பொட் என்பவர், சிறுவயதிலேயே புகைப்போக்கிகளுள் ஏறிக் கரி துடைக்கும் தொழிலிற் புகுத்தப்பட்டவர்களுக்கு, வளர்ந்த பின்னர் விதைப்பையின் தோலிலே ஒருவகைப் புற்று உண்டாவதைக் கண்டு, அந்தக் கரியே அதற்குக் காரணமென்று 1775இல் எழுதினார். அவர் கண்டது மனிதர்களை, அளந்தது எதுவுமில்லை. அதன்பின் நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1915இல், ஜப்பானிய விஞ்ஞானிகளான யமகிவாவும் இச்சிகாவாவும் முயற்காதுகளில் மாதக்கணக்காகத் தாரைப் பூசிப் பூசி, இறுதியில் அங்கே புற்றுக்கட்டியை உண்டாக்கிக் காட்டினர். விலங்கிலே செய்த முதற் பரிசோதனை வெற்றி அது. 1930களில், இலண்டனில் கென்னவேயின் குழுவினர் இரண்டு தொன் தார்க்கட்டியை வடித்துப் பிரித்து, அதற்குள்ளிருந்த பென்சோபைரீன் என்னும் தனிப்பொருளைக் கைப்பற்றினர். அப்பொருள் உடலுள் மாற்றமுற்று உயிரணுவின் மரபுச்சரத்தைப் பற்றிக்கொண்டு, அதன் எழுத்துகளைப் பிழைபடுத்துகிறது என்பது இன்னும் பிற்பட்ட காலத்திலேயே தெளிவாயிற்று. மனிதர், விலங்கு, உயிரணு என்ற மூன்று சாட்சிகளும் ஒருமுகமாக நின்றபோதுதான் அடுக்களை கிடைத்தது என்று சொல்லலாம். கரி துடைத்த சிறுவர்களின் உடம்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்த ஒரு செய்தியை முழுமையாக வாசித்து முடிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் 1965இல் நிறுவப்பட்டு, பிரான்சின் லியோன் நகரிலிருந்து இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவராண்மை இம்மூன்று சாட்சிகளையும் விசாரிக்கும் நீதிமன்றம் போன்றது. 2015 மார்ச் மாதத்தில் 11 நாடுகளைச் சேர்ந்த 17 நிபுணர்கள் அங்கே கூடி, மலத்தியன், டயசினன் என்னும் பூச்சிகொல்லிகளுடன் கிளைபோசேட் என்னும் களைகொல்லியையும் பரிசீலித்து, அம்மூன்றையும் '2ஏ' என்ற வகுப்பிலே, அதாவது மனிதரிற் பெரும்பாலும் புற்றுநோயை விளைக்கக்கூடியவை என்ற வகுப்பிலே, சேர்த்தனர். கிளைபோசேட்டைப் பொறுத்தவரை, நிணநீர்த் தொகுதியைப் பற்றும் நொன்-ஹொட்ச்கின் லிம்போமா என்ற புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்புண்டு என்பதற்கு மனிதரிடையே வரையறைக்குட்பட்ட சாட்சியமும், விலங்குகளிற் போதிய சாட்சியமும், உயிரணு மட்டத்தில் வலுவான சாட்சியமும் உண்டு என்பது அவர்கள் தீர்ப்பு.

இத்தீர்ப்பை வாசிப்பதிலே பலரும் வழுக்கி விழும் ஓரிடம் உண்டு. லியோன் பட்டியல் சாட்சியத்தின் பலத்தை வரிசைப்படுத்துகிறதேயன்றித் தீங்கின் பலத்தை அன்று. அதே 2ஏ வகுப்பிலே செந்நிற இறைச்சி இருக்கிறது. விறகடுப்பின் புகை இருக்கிறது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானமும் 2016இல் அங்கே சேர்க்கப்பட்டது. ஆவி பறக்கும் பிளேன்டீயை நாவில் ஊற்றிக்கொள்ளும் நமது மலைநாட்டார், தாம் வயலில் அடிக்கும் மருந்தும் தாம் குடிக்கும் தேநீரின் சூடும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருப்பதைக் கேட்டால் திகைப்பர். இரண்டும் சமமான தீங்கு என்பது இதன் பொருளன்று. இரண்டைப் பற்றியும் ஏறத்தாழ ஒரே அளவு உறுதியுடன் பேசலாம் என்பதே பொருள். லக்கலைப் பக்கத்துச் சரிவுகளில் வீடுகளுக்கு மேலே நிற்கும் பாறைகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். உருளத்தக்க பாறை என்பது அப்பாறையின் சுபாவம். அது யார் தலையில் விழும், விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதோ, கீழே வீடு உண்டா, சரிவு எத்தகையது, மழை எப்படிப் பெய்கிறது என்பவற்றையெல்லாம் கூட்டிச் செய்யவேண்டிய வேறு கணக்கு. லியோன் சொல்வது பாறையின் சுபாவத்தை. விவசாயி என்னிடம் கேட்டது அந்த இரண்டாவது கணக்கை.

நமது தேசத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துபோன சரித்திரம் சமீபத்தியது. வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவிய முதலிய ஊர்களில் 1990களின் ஆரம்பத்திலிருந்து காணப்பட்டுவரும், காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களைக் குலைத்துவிட்டது. லக்கலையின் அயலிலுள்ள வில்கமுவவும் அந்நோய்க்கு உட்பட்ட பிரதேசமே. 2014இல் இலங்கை ஆய்வாளர் சிலர், வன்னீரிலுள்ள உலோகங்களுடன் கிளைபோசேட் கூடிச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்ற கருதுகோளை வெளியிட்டனர். மறு வருஷம் லியோன் தீர்ப்பும் வந்தது. அதே 2015இல் அரசாங்கம் கிளைபோசேட்டை நாடு முழுவதும் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தளர்த்தியது. 2022இல் தடை நீங்கியது. சிறுநீரகம் பற்றிய அச்சமும் புற்றுநோய் பற்றிய அச்சமும் மக்கள் மனத்தில் ஒரே உருண்டையாகத் திரண்டுவிட்டன. ஒன்று கருதுகோள், மற்றொன்று சுபாவம் பற்றிய தீர்ப்பு. இரண்டில் எதுவும் லக்கலை வயலில் நிற்கும் மனிதனின் தேகத்துள் எவ்வளவு புகுகிறது என்று அளந்து சொன்னதன்று. தடை விதித்ததையோ நீக்கியதையோ நான் இங்கே கண்டிக்க வரவில்லை. இரண்டு முடிவுகளும் அந்த ஓர் அளவை இல்லாமலே எடுக்கப்பட்டன என்பதே என் மனக்குறை.

தடை என்பதே வீண் என்று யாரும் எண்ணிவிடலாகாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பேராதனையிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளர் காரியாலயம் மிகக் கொடிய நஞ்சுகளின் இறக்குமதியை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் நிறுத்திய பின்னர், நாட்டின் தற்கொலை மரண விகிதம் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. உலகம் வியந்து படித்த பொதுச் சுகாதாரப் பாடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே தீங்கு பிரத்தியட்சமாக இருந்தது: நஞ்சு உட்கொண்ட அன்றே நோயாளி வைத்தியசாலையிற் கிடந்தார், எந்த நஞ்சு என்பது போத்தலின் மேலேயே எழுதியிருந்தது. புற்றுநோயோ போத்தலைக் காட்டுவதில்லை.

ஆகவேதான் மனிதரை ஆயிரக்கணக்கிற் சேர்த்துப் பல்லாண்டு பின்தொடரும் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து அடிப்பதற்கு அனுமதிபெற்ற 54,251 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் தன் முடிவை வெளியிட்டது. அவர்களுள் 44,932 பேர் கிளைபோசேட்டைப் பாவித்தவர்கள்; அவர்களுக்கு நொன்-ஹொட்ச்கின் லிம்போமா மிகுதியாக வந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் 2019இல், அதே ஆய்வையும் வேறு ஆய்வுகளையும் ஒருங்கு திரட்டி, மிக அதிகமாகப் பாவித்தவர்களை மாத்திரம் எடுத்து நோக்கிய இன்னொரு குழுவினர், அவர்களிடையே அந்நோய் 41 சதவீதம் கூடியிருப்பதாகக் கண்டனர். இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று பலரும் நினைக்கின்றனர். கூர்ந்து நோக்கினால், ஒன்று ஒரே ஆய்வின் பாவனையாளரையும், மற்றொன்று பல ஆய்வுகளிலிருந்து திரட்டிய உச்சப் பாவனையாளரையும் பற்றிப் பேசுவது தெரியவரும்.

41 சதவீதம் என்ற சொல்லையும் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஒரு நோய் ஆயுட்காலத்தில் ஆயிரம் பேருள் ஐவருக்கு வருவதென வைத்துக்கொள்வோம். 41 சதவீதம் கூடினால் அது ஏழாகும். ஆயிரவருள் மிகுதிப்படும் இருவரும் மனிதர்களே, அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு, ஆகையால் அந்த இரண்டை நான் சிறுமைப்படுத்துவதில்லை. ஆயினும், புகைப்பிடித்தல் சுவாசப்பைப் புற்றுநோயைப் பதினைந்து மடங்கிலிருந்து முப்பது மடங்கு வரை பெருக்குகிறது என்பதோடு இதை ஒப்பிட்டு நோக்காமல், சதவீதத்தை மாத்திரம் கையிற் பிடித்துக்கொண்டு அஞ்சுவதும் ஆறுதலடைவதும் ஒருபோலத் தவறேயாம்.

இனி அளவுக்கு வருவோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் முதுமொழியை நஞ்சியலார் ஒருவகையில் சாஸ்திரமாக்கியிருக்கின்றனர். எலிகளுக்கு நெடுங்காலம் ஊட்டிப் பார்த்து, எந்த அளவு வரையில் தீங்கொன்றும் தோன்றவில்லையோ அதை நூறால் வகுத்து, மனிதர் ஆயுள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் பாதகமில்லை எனத்தக்க அளவை நிர்ணயிக்கின்றனர்; எலியைவிட மனிதன் பத்து மடங்கு மென்மையானவனாகவும், மனிதருள் ஒருவரைவிட ஒருவர் பத்து மடங்கு மென்மையானவராகவும் இருக்கக்கூடும் என்பதே அந்த நூறு. கிளைபோசேட்டுக்கு எலியில் நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 100 மில்லிகிராம் என்ற அளவிலிருந்து, மனிதருக்கு 1 மில்லிகிராம் என்பது இவ்வாறு வந்தது. ஐரோப்பியர் கொண்டிருக்கும் அளவு அதில் பாதி. ஆனால் முதுமொழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மரபுச்சரத்தை நேராகத் தாக்கும் பொருள்களுக்கு, இதற்குக் கீழே தீங்கில்லை என்று கோடு கிழிக்க முடியாதென்றும், அளவு குறையக் குறைய வாய்ப்புக் குறையுமேயன்றிச் சூனியமாகாதென்றும் எச்சரிக்கையுள்ள விஞ்ஞானிகள் கொள்கின்றனர். கிளைபோசேட் இவ்விரு இனங்களுள் எதைச் சேர்ந்தது என்பதிலேதான் லியோன் குழுவினரும் பல நாடுகளின் ஒழுங்குபடுத்தும் ஸ்தாபனங்களும் மாறுபட்டு நிற்கின்றனர்.

கோடு எங்கே இருப்பினும், உடலுள் எவ்வளவு புகுகிறது என்று தெரியாமல் எக்கணக்கும் நடவாது. அமெரிக்காவின் மினசோட்டாவிலும் தென் கரோலினாவிலும் 48 விவசாயிகளின் சிறுநீரை, மருந்து அடித்த நாளிலும் அதற்குப் பின்னும் சேகரித்து அளந்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. அதை நடத்தியவர்களுள் உற்பத்தி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் இருந்தனர் என்பதை மறவாமலே நாம் அதை வாசிக்க வேண்டும். அதிகமாகத் தேகத்துட் புகுந்தவரிடமும் ஒரு கிலோகிராம் எடைக்கு 0.004 மில்லிகிராமே காணப்பட்டது. மேற்சொன்ன 1 மில்லிகிராமில் அது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவ்வாய்வின் மற்றொரு செய்தி. இறப்பர்க் கையுறை அணிந்தவர்களின் சிறுநீரில் சராசரியாக நூறு கோடியில் இரண்டு பங்கு இருந்த இடத்திலே, அணியாதவர்களில் பத்துப் பங்கு இருந்தது. கையுறை ஒன்றின் வேற்றுமை ஐந்து மடங்கு.

அந்தப் பத்தும் டிராக்டரின் பின்னே நீண்ட குழாய்களால் தெளிக்கும் தேசத்துக் கணக்கு. லக்கலைச் சரிவிலே, முதுகிற் சுமந்த கருவியின் மூடி கசிய, காற்றின் திசை மலைக்கு மலை மாற, இடது கையால் நெம்பை அடித்துக்கொண்டு, தான் தெளித்த புல்லின் ஊடாகவே வெறுங்காலுடன் நடந்து செல்லும் மனிதனின் தேகத்தில் அது பத்தா, ஐம்பதா, ஐந்நூறா? மினசோட்டா எண்ணை எடுத்து அவனுக்கு அபாயமில்லை என்று சொல்பவரும், லியோன் பட்டியலை எடுத்து அவனுக்குப் புற்றுநோய் என்று சொல்பவரும், அவனை நேரிற் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கின்றனர் என்பது என் துணிபு. அபாயத்தின் அளவு என்பது பொருளோடு கூடப் பிறப்பதன்று. ஒரு பொருள், ஒரு தேகம், ஓர் இடம், ஒரு பழக்கம் என்பவை சந்திக்கும் புள்ளியிலே பிறப்பது. அப்புள்ளியை அவ்விடத்திலேயே சென்று அளந்தாலன்றி அறிய முடியாது.

அடுக்களை என்று தொடக்கத்திற் சொன்னேன். இப்பொழுது மெய்யான அடுக்களைக்குள்ளேயே போவோம். இப்பிரதேசத்துப் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கிலாலோ கம்பாலோ கட்டிய பரணொன்று உண்டு. சேனையில் விளைந்த சோளப் பொத்திகளையும் விதைக்கு வைத்த குரக்கனையும் அதன்மேல் அடுக்கியோ அருகில் தொங்கவிட்டோ வைப்பர். விறகுப் புகை நாள்தோறும் அவற்றைச் சூழ்ந்து கறுப்பாக்கும். பெர்சிவல் பொட் கண்ட அதே கரி, அதே பென்சோபைரீன், அந்தப் பரணிலும் படிகிறது. அடுப்பின் முன்னே குந்தியிருந்து ஊதும் பெண்ணின் சுவாசப்பையிலும் படிகிறது. ஆயினும் அந்தப் புகையின் சூடும் உலர்வும்தான் சோளத்தைப் பூஞ்சணத்திலிருந்து காக்கின்றன. ஈரம் தங்கிய சோளத்திலும் கச்சானிலும் வளரும் ஒருவகைப் பச்சைப் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டபோது, அவை தின்ற கச்சான் பிண்ணாக்கிலேதான் அது முதன்முதல் கண்டறியப்பட்டது. ஈரலிற் புற்றை விளைப்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல், லியோன் பட்டியலின் முதல் வகுப்பில் அது இருக்கிறது. எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்வதில்லை. மழையும் பூஞ்சணமும் செய்கின்றன. ஒரு புற்றுநோய்க் காரணி இன்னொன்றைத் தடுத்து நிற்கும் இடமாக அந்தப் பரண் இருக்கிறது என்பதை உணர்ந்தபோது நான் நெடுநேரம் அதையே சிந்தித்துக்கொண்டிருந்தேன். நம் பாட்டிமார் பட்டியலைப் பார்த்து அதைக் கட்டவில்லை. விதை பழுதாகாமல் இருக்க வேண்டும் என்றே கட்டினர்.

அஃப்லாடொக்சினுக்கு அபாயக் கணக்கு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும் காட்டிவிடுகிறேன், ஏனெனில் இந்தச் சாஸ்திரம் வெறும் அபிப்பிராயமன்று என்பது அதிலே தெளிவாகும். உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு 1998இல் தந்த மதிப்பின்படி, ஒருவர் நாள்தோறும் ஒரு கிலோகிராம் எடைக்கு 1 நானோகிராம் அஃப்லாடொக்சினை உட்கொண்டால், வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருள் 0.01 ஈரற் புற்று மிகுதியாகும். ஹெப்படைட்டிஸ் பி வைரசைத் தேகத்திற் கொண்டவர்களாயின் அது 0.3 ஆகும். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நாளுக்கு 100 கிராம் சோளம் உண்பதாகவும், அதில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் நஞ்சு இருப்பதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு 1,000 நானோகிராம். எடைக்கு வகுத்தால் 20. ஆகவே ஒரு லட்சம் பேருக்கு வருஷத்தில் 0.2, வைரஸ் உடையவர்களாயின் 6. ஒரே சோளம், ஒரே நஞ்சு, தேகம் மாறியதும் முப்பது மடங்கு.

இன்னொன்றும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. லக்கல-பல்லேகமப் பிரிவிலே ஒரு லட்சம் பேர் இல்லை. வருஷத்துக்கு 0.2 என்ற மிகுதி இங்கே எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் தனியாகத் தெரியாது. கிராமத்திலே இரண்டு பேருக்கு ஒரே வருஷத்திற் புற்றுநோய் வந்தால் மருந்தினால் வந்தது என்று பேச்சு எழுகிறது. பத்து வருஷம் யாருக்கும் வராவிட்டால் மருந்து நல்லது என்று பேச்சு எழுகிறது. சிறிய ஊரின் அனுபவம் இந்த விஷயத்தில் இரு பக்கமும் பேசாது. அதனாலேயே ஊரார் சொல்வதை அலட்சியம் செய்யலாம் என்று பொருளல்ல. கரி துடைத்தவர்களின் செய்தியும் முதலில் அப்படிப்பட்ட பேச்சாகவே இருந்திருக்கும்.

நாம் அஞ்சுவதற்கும் நம்மைத் தாக்குவதற்கும் இடையேயுள்ள தூரம் வெற்றிலைத் தட்டிலே மிக நன்றாகத் தெரிகிறது. புகையிலை இல்லாமல் மெல்லினும் வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை விளைக்கும் என்று லியோன் முகவராண்மை 2004இல் முதல் வகுப்பிலே வைத்தது. பாக்கும் அவ்வாறே வைக்கப்பட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது. வயல் வரம்பில் மருந்துப் போத்தலைச் சந்தேகத்தோடு பார்த்த அந்த நல்ல மனிதரின் கன்னத்துள்ளும் அப்போது ஒரு பாக்குத்துண்டு ஒதுங்கியிருந்தது. அதைச் சொல்லி அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. மருந்து பிறர் கொண்டுவந்தது, வெற்றிலையோ தாயும் தகப்பனும் தந்தது. தானே விரும்பி ஏற்ற தீங்கை மனிதர் பொறுப்பர். பிறர் அறியாமல் தம்மேல் வைத்ததைப் பொறார். அந்த உணர்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கையே.

மறுபுறத்தில், ஒரு நஞ்சு தந்த நன்மையையும் தராசிலே வைக்க வேண்டும். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இத்தீவு ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்தது. 1946இலிருந்து வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. பின்னர் அது திரும்பி வந்தபோது, 1977 முதல் மலத்தியன் தெளிக்கப்பட்டது. டி.டி.டி.யும் மலத்தியனும் இன்று 2ஏ வகுப்பில் இருக்கின்றன. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. அந்தச் சுவர்களுக்குள் வளர்ந்து முதியவர்களானவர்களுக்கு இந்தக் கணக்கின் இரு தட்டுகளும் சொந்தம்.

இறுதியாக நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளைபோசேட் நீரிற் கரைந்து ஓடுவதைவிட மண்துகளோடு இறுகப் பற்றிக்கொண்டு, அம்மண் அரிக்கப்படும்போதே பெரிதும் இடம்பெயரும் இயல்புடையது. சமவெளியில் இது ஓரளவு காவலாகும். லக்கலை போன்ற செங்குத்தான நிலத்திலோ, மாரியின் முதற் பெருமழை மண்ணோடு சேர்த்து அதையும் களு கங்கைக்குக் கொண்டு சேர்க்கக்கூடும். களு கங்கை இன்று சாதாரண ஆறன்று. அதன் குறுக்கே எழுந்த அணைக்காகப் பழைய லக்கல நகரமும் வயல்களும் நீரின் கீழே போயின. மக்கள் மேட்டிலே புது நகரம் கண்டு குடியேறினர். அங்கே தேங்கும் நீர் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தோடு சேர்ந்து, சிறுநீரக நோயால் வாடும் வடமத்திய மாகாணத்துக்கு வயலுக்கும் குடிப்பதற்கும் செல்ல வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. இம்மலையார் தம் ஊரை இழந்து அனுப்பும் நீர் அது. மாரித் தொடக்கத்திலும், மருந்து அடிக்கும் வாரத்திலும், வறட்சியிலும் அந்த நீரையும் அதன் சேற்றையும் எடுத்து அளந்து, முடிவை இவ்வூர்ப் பாடசாலைச் சுவரிலும் மதவாச்சியிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுவது பெருஞ் செலவான காரியமன்று. மருந்து அடிப்பவர் இருபது பேரின் மறுநாட் காலைச் சிறுநீரையும் அதனோடு அளந்தால், மினசோட்டாவின் எண்ணை இரவல் வாங்க வேண்டிய தேவையும் இல்லாது போகும்.

அந்த விவசாயியை மறுமுறை கண்டபோது இவற்றையெல்லாம் சொல்ல நேரமிருக்கவில்லை. மாரி முகில் மலைக்கு மேலே கட்டிக்கொண்டிருந்தது. கையுறையைப் பற்றியும், காலுக்கு பூட்ஸ் இடுவதைப் பற்றியும், வேலை முடிந்ததும் வெற்றிலைக்குக் கை வைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதைப் பற்றியும் மாத்திரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கருவியை முதுகிலிருந்து இறக்கி வரம்பில் வைத்துவிட்டு, திரும்பி நின்று, இடுப்புக்கு மேலே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினார். மூடியைத் திருகி என் கையிலே தந்தார். அதனுள்ளிருந்த இறப்பர் வாசர் வெடித்து, பாதி இல்லாமற் போயிருந்தது.